பேரூராட்சிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: குறையை எங்கே, எப்படிச் சொல்வது, பொதுச் சொத்தை எப்படிக் காப்பது

புதிதாகக் குடிவந்தவர் பேரூராட்சியில் கொடுக்கும் முதல் மனு வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் உள்ள பள்ளத்துக்குப் பேரூராட்சியிலும், பேரூராட்சியின் தெருவிளக்குக்கு மின்வாரியத்திலும், நீர்வளத் துறையின் ஏரிக்குக் கவுன்சிலரிடமும் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் பேனாவை எடுக்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: பழுதான பொருள், அல்லது பறிபோகும் இடம், கணக்கில் யார் பெயரில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் இருப்பவை பேரூராட்சிகள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 490 பேரூராட்சிகள் இருந்தன. பார்வைக்குக் கிராமம் போலவே இருந்தாலும் சட்டப்படி இவை நகர்ப்புறம். இங்கே கிராம சபை கிடையாது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை. 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதற்கான 2023ஆம் ஆண்டு விதிகளோடு நடைமுறையில் இருக்கிறது. யாராவது 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவைக் காட்டி மனு எழுதித் தந்தால், அது பழைய மாதிரிப் படிவம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

யாருடையது என்று கண்டுபிடிப்பது

சாலையில் தொடங்குவோம். ஊருக்கு நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் பேரூராட்சியுடையது அல்ல. மைல்கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாவட்ட முக்கியச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்புதான். அதிலிருந்து பிரியும் தெருக்களும் சந்துகளும்தான் பேரூராட்சியின் சாலைப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் தெரு அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை வீடு வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளில் தெரு என்று வரைபடத்தில் இருப்பது இன்னும் பழைய நில உரிமையாளர் பட்டாவிலேயே கிடக்கும். பேரூராட்சிக்கு ஒப்படைக்கப்படாத தெருவில் அரசுப் பணத்தில் விளக்கோ வாய்க்காலோ போட முடியாது. அங்கே எத்தனை மனு கொடுத்தாலும் விடை ஒன்றுதான். முதலில் தெருவைப் பேரூராட்சி பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் வேலை நடக்க வேண்டும்.

மின்கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. அதில் மாட்டியிருக்கும் தெருவிளக்கு பேரூராட்சியுடையது. கம்பி தொய்ந்து தொங்கினாலோ கம்பம் சாய்ந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பேரூராட்சி.

நீர்நிலைகளில் குழப்பம் அதிகம். பாசன ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும். ஊருணி, குட்டை, சிறு குளம் போன்றவை உள்ளாட்சியின் பராமரிப்பில் இருக்கும். கோயில் தெப்பக்குளமானால் அறநிலையத் துறை. எந்தத் துறை பராமரித்தாலும் நிலம் என்ன வகைப்பாடு என்பதற்கு வருவாய்த் துறையின் கணக்குதான் ஆதாரம். பேருந்து நிலையம், வாரச்சந்தை, சமுதாயக்கூடம், பொதுக் கழிப்பிடம், பூங்கா, பேரூராட்சிக் கடைகள் ஆகியவை வழக்கமாகப் பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும்.

அலுவலகத்தில் யாரிடம் என்ன கேட்பது

நிர்வாகத் தலைவர் செயல் அலுவலர். ஊரில் எல்லோரும் இ.ஓ. என்பார்கள். மன்றத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். செலவுக்குத் தீர்மானம் போடுவது மன்றம், அதை நடைமுறைப்படுத்தி உத்தரவில் கையெழுத்துப் போடுவது இ.ஓ. ஆகவே பழுது நீக்கும் வேலைக்கு இ.ஓ.வுக்கும், புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்றால் மன்றத்துக்கும் எழுத வேண்டும்.

அன்றாட வேலை நடப்பது இவர்களுக்குக் கீழேதான். வரித் தண்டலர் வீட்டுவரி, காலிமனை வரி, பெயர் மாற்றம் பார்ப்பார். துப்புரவு மேற்பார்வையாளர் குப்பையும் வாய்க்காலும். வாட்டர்மேன் தண்ணீர் திறந்துவிடுபவர். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்பது முழுதாகத் தெரிந்தவர் பல ஊர்களில் அவர் ஒருவர்தான். மின்பணியாளர் தெருவிளக்கு. சாலை, வாய்க்கால் கட்டுமானத்துக்குப் பொறியாளரும் பணி மேற்பார்வையாளரும். சிறிய பேரூராட்சியில் ஒரே பொறியாளர் பல ஊர்களைப் பார்ப்பார், அவர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் வரி பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் குறையைச் சொல்ல வரி ரசீது தேவையில்லைதான். ஆனால் பாக்கி இருந்தால் பேச்சு அங்கேயே திரும்பிவிடும். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வீடு வாங்கியவர்கள் பத்திரம் பதிந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். வரிவிதிப்பிலும் குடிநீர் இணைப்பிலும் பெயர் மாற்றாவிட்டால் பேரூராட்சியின் நோட்டீஸெல்லாம் பழைய உரிமையாளருக்கே போகும்.

மனு எழுதுவது

வாய்மொழியாகச் சொன்னது சொன்னதோடு போகும். விளக்கு எரியாததைப் போனில் சொல்லலாம். மற்ற எதற்கும் தாளில் எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் இருக்கட்டும். விளக்கு, தண்ணீர், குப்பை, நாய் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் நான்கு பிரிவுக்குப் போக வேண்டிய மனு ஏதோ ஒரு பிரிவின் கோப்பில் தங்கிவிடும்.

உள்ளே இருக்க வேண்டியவை வார்டு எண், தெரு, கதவு எண் அல்லது கம்பத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும் என்பவை. பணியாளர் உங்களைத் தேடாமல் நேரே அந்த இடத்தில் போய் நிற்கும்படி எழுதினால் போதும். இப்படி:

பெறுநர்: செயல் அலுவலர், … பேரூராட்சி.
பொருள்: 7வது வார்டு, மேற்குத் தெரு, குடிநீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்யக் கோருதல்.
மேற்படி தெருவில் கதவு எண் 14க்கு எதிரே, சாலையின் கிழக்கு ஓரத்தில், பகிர்மானக் குழாய் உடைந்து கடந்த 4ஆம் தேதியிலிருந்து தண்ணீர் விடும் நேரமான காலை 6 முதல் 7 மணி வரை சாலையில் ஓடி வீணாகிறது. உடைந்த இடத்தை ஒட்டிக் கழிவுநீர் வாய்க்கால் செல்வதால் கழிவுநீர் குழாய்க்குள் புகும் அபாயம் உள்ளது. உடைப்பைச் சரிசெய்து, வாய்க்காலைக் கடக்கும் பகுதியில் குழாயை வாய்க்காலுக்கு வெளியே மாற்றிப் பதித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: புகைப்படம் 2.

இவ்வளவுதான். ஊரின் வரலாறு, நிர்வாகத்தின் மேல் கோபம், யாரோ ஒருவர் மேல் சந்தேகம் எதுவும் வேண்டாம். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் பலம். ஆனால் கடிதத் தொடர்புக்கு ஒருவர் பெயரும் முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் தபாலில் அனுப்பிவிடுங்கள். 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. விரைவுத் தபாலில் ஒப்படைத்ததற்கான சான்றைச் சேர்த்துக் கேட்டு, ரசீதை மனுவின் பிரதியோடு பின் செய்து வையுங்கள். குறைதீர் மனு கிடைத்த 3 நாளுக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015 செப்டம்பர் 21இல் வெளியிட்ட அரசாணை எண் 99 சொல்கிறது. முத்திரையில் உள்ள தேதியிலிருந்துதான் அந்த ஒரு மாதத்தை எண்ண முடியும்.

குடிநீர்: அதிகக் கவனம் இதற்குத்தான்

பெரும்பாலான பேரூராட்சிகளுக்கு இரண்டு வழியில் தண்ணீர் வருகிறது. ஒன்று குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம், மற்றது உள்ளூர் ஆழ்துளைக் கிணறு. இரண்டும் மேல்நிலைத் தொட்டியில் ஏறி அங்கிருந்து தெருக்களுக்குப் பிரிகின்றன. கூட்டுத் திட்டத் தண்ணீரைத் தொட்டி வரை கொண்டுவருவது வாரியம், தொட்டியிலிருந்து குழாய் வரை பேரூராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் பிரதானக் குழாயில் உடைப்போ மின்தடையோ இருக்கும். உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்றால் வால்வு. உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் இணைப்புக் குழாயில் அடைப்பு, அல்லது பக்கத்தில் யாரோ நேரடியாகக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதினால் வேலை பாதி முடிந்தது.

தண்ணீர் நாற்றம் அடித்தால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. காரணம் பெரும்பாலும் தொட்டியில் இல்லை. வீட்டு இணைப்புக் குழாய் திறந்த வாய்க்காலுக்குள் புகுந்து போகும் இடத்தில் இருக்கிறது. தண்ணீர் விடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, வெளியே நிற்கும் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் விட்ட முதல் சில நிமிடங்கள் நாறுவதும் பிறகு தெளிவதும் இதனால்தான். மோட்டார் வைத்து உறிஞ்சும் தெருவில் இது இன்னும் மோசமாகும். ஆகவே மனுவில் முதல் சில நிமிடம் மட்டும் நாறுகிறதா, முழு நேரமுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். முழு நேரமும் நாறினால் தொட்டியையோ பிரதானக் குழாயையோ பார்க்க வேண்டும்.

தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியும் அடுத்து செய்ய வேண்டிய தேதியும் எழுதியிருக்கும். அந்தத் தேதி பழையதாக இருந்தால் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள். வழக்கமான குளோரின் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். பவுடரைத் தனியாக ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும். சுண்ணாம்புக் கசடோடு கொட்டினால் குழாய் அடைக்கும். மூடி திறந்து காற்றுப்பட்ட பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், அப்போது 400 கிராம் போட்டும் பலன் இராது. இந்திய தர நிர்ணயப்படி தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவி பேரூராட்சியில் இருக்க வேண்டியது. கடைசி வீட்டில் வைத்துச் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள், தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் காட்டுவதில் அர்த்தமில்லை. வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று வீடுகளில் ஒரே வாரத்தில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றே சொல்லுங்கள்.

விளக்கு, வாய்க்கால், குப்பை

எல்.இ.டி. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்னும் பாகம் போய்விட்டது என்று பொருள். வரிசையாக ஐந்தாறு விளக்கு எரியவில்லை என்றால் ஸ்விட்ச் பெட்டியிலோ தெருவிளக்குக்கான தனிக் கம்பியிலோ கோளாறு. பகலிலும் எரிந்தால் டைமர். எத்தனை கம்பம், எந்த எண், எது எப்படி என்று சொன்னால் பணியாளர் ஏணியோடு சரியான உதிரியையும் எடுத்து வருவார்.

வாய்க்கால் அடைப்பில் எல்லோரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. தூர் எடுத்தபின் அதைக் கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையில் அது முழுவதும் திரும்ப உள்ளே விழும். ஈரம் வடிய ஒரு நாள் கிடக்கலாம், மறுநாள் அள்ள வேண்டும். மனுவிலேயே தூர்வாரி அகற்ற என்று எழுதுங்கள். மழைநீர் வாய்க்காலில் கழிப்பறைக் குழாயை விட்டிருப்பவர்களையும் பேரூராட்சிதான் தடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம்; தொட்டி சுத்தம் செய்ய 14420க்கு அழைத்து உரிமம் பெற்ற லாரியை வரவழைக்கலாம்.

குப்பையில் உங்கள் பங்கு சரியாக இருந்தால்தான் கேட்க முடியும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, நாப்கின் போன்றவை தனித்தனி. வண்டி வரும் நேரம் ஒத்துவராவிட்டால் தெரு முனையில் போடாமல், நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் வண்டி எண்ணோடு எழுதிக் கொடுக்கலாம். தூய்மைப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டியில் தடுப்பு இல்லாததற்கு அவர் பொறுப்பல்ல.

புதிய சாலை வேண்டும் என்றால்

வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் பொருளாக வைக்கச் சொல்லி, தீர்மானம் ஆனால் அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானம் மட்டும் போதாது. நிதி எங்கிருந்து என்று கேட்க வேண்டும். பொது நிதி, நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வழிகள் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் சேர்ந்து கட்டினால் மீதியை அரசு தரும். அவசரமான சிறு வேலைக்கு இது நல்ல வழி.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை சில. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து மழைநீர் வீட்டுக்குள் வரும். தொடங்கும் நாளிலேயே தடுக்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கான்கிரீட் தளத்தின் கனத்தை மதிப்பீட்டோடு ஒப்பிட, ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன் அளக்க வேண்டும். போட்ட தளம் குறைந்தது 7 நாள் ஈரமாகவே இருக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களா, இரண்டாம் நாளே வண்டியை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பேவர் கல் என்றால் வண்டி போகும் தெருவுக்குப் பொதுவாக 80 மில்லிமீட்டர் கல்; நடைபாதைக்கான 60 மில்லிமீட்டர் கல்லைப் பதித்தால் லாரி ஏறியதும் குழி விழும். குழாய் பதிக்க வேண்டிய வீடுகள் எல்லாம் சாலை போடும் முன்பே பதித்துவிட வேண்டும் என்பதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால்

அடுத்த படி முதல்வரின் உதவி எண் 1100. மனு எண் தருவார்கள். முன்பு கொடுத்த மனுவின் தேதியையும் முத்திரைப் பிரதியையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதி மனுவை முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி முடித்தால், அன்றைய தேதியில் எடுத்த புகைப்படத்தோடு வேலை நடக்கவில்லை என்று மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

அதற்கு மேல் மாவட்டத்தில் பேரூராட்சிகள் உதவி இயக்குநர் இருக்கிறார்; பலரும் இவரை விட்டுவிட்டு நேரே ஆட்சியரிடம் போகிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும் இவர் வழியாக இ.ஓ.வின் மேசைக்குத்தான் திரும்பி வரும். ஆகவே அங்கே போகும்போது இ.ஓ. ஏற்கெனவே எழுதிய பதிலோ, பதிலே வராததற்கு ஆதாரமோ கையில் இருக்க வேண்டும். ஊழல் அல்லது முறைகேடு என்றால் சென்னையில் உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் முறையிடலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. குழாய் உடைப்புக்கெல்லாம் அங்கே போகக் கூடாது.

தகவல் உரிமைச் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் பல கதவு திறக்கும். வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று மறுத்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். சாலைப் பதிவேட்டின் பக்கம், மதிப்பீடு, ஒப்பந்த ஆணை, செய்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகம், மன்றத் தீர்மானம், சொத்துப் பதிவேடு. நகல் நிறைய இருந்தால் நேரில் ஆய்வு செய்ய அனுமதி கேளுங்கள்.

பூங்கா இடமும் பொது வழியும் பறிபோகாமல் இருக்க

பழுதான விளக்கு இன்று இல்லாவிட்டால் நாளை எரியும். பறிபோன பொது இடம் திரும்புவது அரிது. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்ட வழி உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும். இதையே ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். சாலைகளையும் இந்த இடத்தையும் மனைப்பிரிவு போட்டவர் பேரூராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து தர வேண்டும்.

இங்கேதான் ஓட்டை விழுகிறது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கும். ஆனால் பட்டாவைப் பேரூராட்சி பெயருக்கு மாற்றாமலேயே விட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பட்டாவில் இன்னும் தன் பெயரோ தந்தை பெயரோ இருப்பதைக் கண்டவர் அந்த இடத்தை மனையாகப் பிரித்து விற்றுவிடுவார். வாங்கியவர் வேலி போட்ட பிறகுதான் தெருவுக்குத் தெரியும். எனவே வேலி வரும்வரை காத்திருக்காமல், குடிவந்த முதல் வருடத்திலேயே கீழே உள்ளதை ஒழுங்காகச் செய்து முடியுங்கள்.

1. மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை எடுங்கள். உங்கள் பத்திரத்தோடு இருக்கலாம். இல்லையென்றால் பேரூராட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பூங்கா, பொது உபயோகம், சாலை என்று குறித்த பகுதிகளின் நீள அகலத்தையும் பழைய புல எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. பதிவுத் துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். பேரூராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்திருக்கிறதா, அதற்குப் பின் அதே பரப்பில் வேறு கிரயம் நடந்திருக்கிறதா என்று வரிசையாகப் படியுங்கள். தானப் பத்திரத்தின் எண் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். பிறகு எங்கே போனாலும் கேட்கப்படும் முதல் தாள் அதுதான்.

3. அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகைப்பாடும் உரிமையாளர் பெயரும் உள்ள வருவாய்க் கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) இறக்குங்கள். உட்பிரிவு ஆகியிருக்கிறதா, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பொது இடமானால் வகைப்பாட்டில் வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால், களம், மயானம், குளம் என்று புறம்போக்காக இருக்கும். ஒரே இடத்துக்குப் புலப்படத்தில் ஓர் அளவும் அங்கீகார வரைபடத்தில் வேறு அளவும் இருந்தால் இப்போதே எழுதிவிட வேண்டும், பிற்பாடு எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

4. இவ்வளவும் சேர்ந்தபின் இ.ஓ.வுக்கு மனு: இந்தத் தானப் பத்திரப்படியான இடத்தைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, பட்டாவைப் பேரூராட்சி பெயருக்கு மாற்ற வட்டாட்சியருக்கு எழுதவும், நில அளவர் மூலம் அளந்து கல் நடவும். நகல் வட்டாட்சியருக்கு. அடுத்தவர் நிலத்தை அளக்க உங்களால் கட்டணம் கட்டிக் கேட்க முடியாது. பேரூராட்சிதான் கேட்க வேண்டும்.

ஆக்கிரமிப்பு ஏற்கெனவே நடந்திருந்தால் பாதை பிரிகிறது. பேரூராட்சியின் தெருவிலோ வாய்க்காலிலோ படி, சாய்தளம், கடை நீட்டியிருந்தால் நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது பேரூராட்சியின் வேலை. அரசுப் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நடவடிக்கை எடுக்கும். பிரிவு 7இல் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிரிவு 6இல் வெளியேற்றும் உத்தரவு. நீர்வளத் துறையின் ஏரியானால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். நோட்டீஸ் இல்லாமல் நேரே இடித்தால் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடும், பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் நகராது. ஆகவே நோட்டீஸ் முறையாகத் தரப்பட்டதா, பெற்றதற்கு ஒப்பம் இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமையில் கேட்டு உறுதி செய்யுங்கள். அவசரப்படுத்தி முறையைக் கெடுத்துவிடாதீர்கள்.

கிராம நிர்வாக அலுவலர் ஆக்கிரமிப்பாளருக்குப் பி-மெமோ (ஆக்கிரமிப்பைக் குறித்துத் தரும் படிவம்) போட்டு அபராதம் வாங்கியிருந்தால், அந்த ரசீதையே அனுபவத்துக்கு ஆதாரம் என்று காட்டுவார்கள். உண்மையில் அது, இடம் அரசுடையது என்று அரசு எழுதி வைத்த ஆவணம். நகலை நீங்களும் வாங்கி வையுங்கள். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அப்படித்தான், இவை எதுவும் நில உரிமை தராது. புறம்போக்கு தொடர்பான மனுவுக்கு நல்ல சமயம் ஜமாபந்தி. வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், அதற்கு முன் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகள் தணிக்கையாகும்போது அ-பதிவேடும் மேசையில் திறந்தே இருக்கும்.

ஆக்கிரமிப்பில் இருப்பவர் வேறு போக்கிடமில்லாத ஏழைக் குடும்பம் என்றால், மாற்று இடம் கேட்டு அவர்கள் கொடுக்கும் மனுவுக்கும் துணை நில்லுங்கள். ஓடைப் புறம்போக்கில் குடியிருப்பவர் வெள்ளத்தில் முதலில் பாதிக்கப்படுகிறவர். பெரும்பாலான ஊர்களில் அதிக இடத்தை வளைத்திருப்பது குடிசை அல்ல, சுற்றுச்சுவர் கட்டிய வீடும் கடையும்தான்.

அகற்றியபின் வரும் வாரம்தான் முக்கியம். இடம் காலியான அன்றே நில அளவர் அளந்து மூலைக்கு மூலை கல் நட வேண்டும். பேரூராட்சிச் சொத்து என்று புல எண், பரப்பளவோடு பலகை வைக்க வேண்டும். கம்பி வேலிக்கு நிதி இல்லை என்று சொன்னால் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள், அல்லது நமக்கு நாமேயில் தெருவின் பங்கைக் கட்டுங்கள். கல்லும் பலகையும் இருக்கும் இடத்தின் படத்தை, சொத்துப் பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் நகலோடு, அடுத்த முறை வார்டு உறுப்பினர் மாறும்போது புதியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.